பாஸ்ட் அன்ட் பிரசன்டா, ஹிஸ்டரி வேர்க்ஷொப்பா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து தேயிலைத் தோட்ட வரலாறு எழுதப் பழகுகிறோம். வரலாறு எழுதும் முறை எப்படி மாறி வந்தது என்று பார்க்க ஓர் ஆய்விதழைப் பழைய இதழ்களிலிருந்தே வாசிப்போம் என்று பேசியபோது, கடைசியில் பாஸ்ட் அன்ட் பிரசன்ட், ஹிஸ்டரி வேர்க்ஷொப் ஜேர்னல் என்ற இந்த இரண்டும்தான் நின்றன. நான் ஹிஸ்டரி வேர்க்ஷொப் ஜேர்னலின் பக்கம்.

இரண்டும் பிரிட்டனில் இடதுசாரிகள் தொடங்கியவை. இரண்டையும் இப்போது வெளியிடுவது ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம்தான். பாஸ்ட் அன்ட் பிரசன்ட் 1952இல் வந்தது, தரத்தில் குறை சொல்ல முடியாது. கடிகார நேரமும் தொழில் ஒழுங்கும் பற்றி பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் அதில் எழுதிய கட்டுரையை வாசித்தால், தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டும் இடத்துக்கு) நேரம் குறித்து ஆள் கூட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும்.

சரி, எனக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம்: எதைச் சான்றாக ஏற்பது? தொழிலாளர்கள் படிக்க வந்த ரஸ்கின் கல்லூரியில் வரலாற்றாசிரியர் ரஃபேல் சாமுவேல் நடத்திய பட்டறைகளிலிருந்துதான் 1976இல் ஹிஸ்டரி வேர்க்ஷொப் பிறந்தது. முதலில் சோசலிச வரலாற்றாசிரியர்களின் இதழ் என்று முகப்பில் போட்டார்கள், 1982இல் பெண்ணியவாதிகளையும் சேர்த்தார்கள், 1995இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். துறை போன திசை அதிலேயே தெரிகிறது. வாய்மொழிச் சான்று பற்றிய விவாதமும் அங்கே தீவிரமாக நடந்தது. நினைவு பிசகும் இடமும் கதை சொல்பவர் சம்பவத்தை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்குச் சான்றுதான் என்று இத்தாலியரான அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி 1981இல் அதில் வாதாடினார்.

நமக்கு இது உயிரான விஷயம். தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தீர்ப்பவரின் தோட்டத்துக்கு ஆளை மாற்றிய, 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையை எடுங்கள். துண்டில் கடன் தொகை இருக்கும், அந்தக் கடன் கல்யாணத்துக்கா சாவுக்கா என்பதைத் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்த பாட்டிமாரிடம்தான் கேட்க வேண்டும். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவுப் பதிவேட்டில், பேர் விழுவது மலைக்கு வேலைக்குப் போன பிறகு. அதற்கு முன்பே அடுப்பு மூட்டி, தண்ணீர் சுமந்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு ஓடிய உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

பாஸ்ட் அன்ட் பிரசன்டின் அண்மைய இதழ்களை நான் அங்கங்கேதான் வாசித்திருக்கிறேன். அதில் பெண்கள் வரலாறும் உலக வரலாறும் வருகின்றன, இரண்டு இதழ்களுக்கும் உள்ள இடைவெளி முன்பு போல இல்லை என்றே படுகிறது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துக் கணக்குகளோடு மல்லுக்கட்டுபவர் அங்கிருந்து தொடங்கலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் உட்கார்ந்து கதை கேட்டு எழுதப்போகிறவருக்கு ஹிஸ்டரி வேர்க்ஷொப்பின் முதல் இருபது வருட இதழ்கள்தான், அப்புறம் மற்றது.