தலைப்பு வரியைக் கேட்டு வாங்கும் லேப்டாப் கடை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உள்ள இந்த லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில், நேரில் செல்வதற்கு முன் சிக்கலை மின்னஞ்சலில் எழுதச் சொல்கிறார்கள். அதன் தலைப்பு வரி தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் அக்கறையே என்னை மிகவும் கவர்ந்தது. ‘அவசரம், உதவி தேவை’ என்று அனுப்புவோரிடம், என்ன கோளாறு, எப்போது நேர்கிறது என்பதைத் தலைப்பிலேயே குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்கிறார்கள். கைப்பேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்களே தெரியும் என்பதால், இது மிகவும் நியாயமான கோரிக்கை. ‘சார்ஜரைக் கழற்றியதும் லேப்டாப் அணைந்துவிடுகிறது’ என்று நான் எழுதியதைக் கண்டவுடனேயே, பேட்டரி வேலை தெரிந்தவரிடம் அதை ஒப்படைத்து, பொருத்தமான பேட்டரியையும் எடுத்து வைத்திருந்தார்கள். கட்டணம் சற்றுக் கூடுதல்தான். தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் அனுப்புகிறார்கள்.