பழுது நீங்கி வந்த மீயொலிக் குறுக்கீட்டுமானி: வேகம் சரி, தணிவு?

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நண்பர், தங்கள் ஆய்வகத்துக்கு 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலிக் குறுக்கீட்டுமானி வாங்கலாமா என்று கேட்டிருந்தார். குவார்ட்ஸ் படிகம் திரவத்துக்குள் அனுப்பும் மீயொலி ஓர் எதிரொலிப்புத் தட்டில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு, திரவத்தில் ஒலியின் வேகத்தை அளக்கும் கருவி அது. கும்பகோணத்தில் எங்கள் துறையில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் கருவி, குவார்ட்ஸ் படிகத்தின் பூச்சு உரிந்து பழுதுக்குப் போய் இப்போதுதான் திரும்பியிருக்கிறது. அந்தச் செலவின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

திசைவேகத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல மனம் வராது. தட்டை நகர்த்தும் மரையை ஒரே திசையில் பொறுமையாகத் திருகினால், படுத்துக் கிடக்கும் மைக்ரோ அம்மீட்டர் முள் சட்டென்று எழுந்து மறுபடி விழும். 30 டிகிரித் தண்ணீரில் அடுத்தடுத்த இரண்டு எழுச்சிகளுக்கு இடையே சுமார் 0.38 மில்லிமீட்டர், அதாவது அரை அலைநீளம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,509 மீட்டர் என்று வந்துவிடும். எத்தனாலில் ஒலி அதைவிட மிக மெதுவாகச் செல்கிறது. ஆனால் தண்ணீரில் சிறிதளவு எத்தனாலைக் கலந்தால் வேகம் குறையாமல் தண்ணீரையும் மிஞ்சி ஏறுகிறது. மூலக்கூறுகள் நெருங்கிப் பிணைந்து கலவையின் அமுங்குதிறன் குறைவதே காரணம். இதைத் தங்கள் கையாலேயே அளக்கும்போது மாணவர் முகத்தில் தெரியும் திகைப்புக்காகவே இந்தக் கருவியை மன்னித்துவந்தேன்.

மன்னிக்க முடியாதது, விளம்பரத்தாளில் இருக்கும் 'தணிவும் அளக்கலாம்' என்ற வரி. தணிவு என்றால், அலை செல்லச் செல்லத் திரவம் அதை உறிஞ்சி வீச்சைக் குறைப்பது. எழுச்சிகளின் உயரம் தொலைவுடன் குறைவதைக் கொண்டு தணிவைக் கணக்கிடச் சொல்கிறார்கள். தண்ணீரின் தணிவுக் கெழு 2 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 0.1 நேப்பர் (வீச்சுக் குறைவை மடக்கையில் சொல்லும் அலகு) அளவுதான். 2 சென்டிமீட்டர் போய்த் திரும்பும் அலையின் வீச்சில் அது தரும் இழப்பு அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. எங்கள் முள்ளோ அதே தூரத்துக்குள் கண்கூடாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் பெரும்பகுதி எதிரொலிப்புத் தட்டின் சாய்வும் கற்றையின் விரிவும் செய்யும் வேலை. பழுது பார்த்தவர் தட்டை நேர்செய்ததாகச் சொன்ன பிறகும் அது மாறவில்லை. பென்சீன் போன்ற, தண்ணீரைவிடப் பல மடங்கு உறிஞ்சும் திரவங்களில் ஓரளவு பொருள் இருக்கலாம். திரவக் கலவைகளின் தணிவை ஒப்பிட்டு ஆய்வேடு எழுத நினைப்பவர் இதை நம்பி இறங்கக் கூடாது.

அதே தாளில் உலோகப் படிகங்களையும் சேர்த்திருப்பது துணிச்சல்தான். செம்பின் ஒற்றைப் படிகத்தில் நெட்டலையின் வேகம் கனசதுர விளிம்பின் திசையில் நொடிக்குச் சுமார் 4,340 மீட்டர், கனசதுரத்தின் உள்வழியே எதிர் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத் திசையில் 5,150 மீட்டர்; இந்த வேறுபாட்டைக் காணத் குறுந்துடிப்பை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் துடிப்பு எதிரொலி முறை வேண்டும், திரவம் ஊற்றும் கிண்ணம் போதாது.

திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935இல் விளக்கத் தொடங்கிய, மீயொலி அலைகள் ஒளியை வளைத்துப் பிரிக்கும் விளிம்பு விளைவைக் கொண்டும் திரவத்தில் வேகத்தை அளக்கலாம். அதில் தட்டை நகர்த்தும் தொல்லையே இல்லை.

எனவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். துறைத்தலைவர் வாங்கியே தீருவார் என்றால், பணம் கொடுக்கும் முன் விற்பவர் எதிரிலேயே தண்ணீரை ஊற்றித் தட்டை 2 சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். முள்ளின் எழுச்சி கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்தால் பெட்டியைத் திருப்பிக் கட்டச் சொல்லிவிடுங்கள்.