சிங்கப்பூர் ரயிலுக்கு: நம்ம பேங்க் கார்டா, ஈஸி-லிங்க் கார்டா?

கோவையிலிருந்து நேரடி விமானத்தில் நாலைந்து நாள் சுற்றிவரப் போகிறவர்களுக்கு என் ஓட்டு பேங்க் கார்டுக்குத்தான். விசா, மாஸ்டர்கார்டு எதுவானாலும் ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. கிளம்பும் முன்பே பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்துவிடுங்கள். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்தும் நாளுக்கு 60 சென்ட் கூடுதல். நம்ம பேங்க் பிடிப்பது தனி.

ஈஸி-லிங்க் என்பது முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சிங்கப்பூர் பயணக் கார்டு. அதில் அந்த 60 சென்ட் கிடையாது. ஆனால் கார்டின் விலை 5 டாலர் திரும்பாது. எட்டு நாள் தாண்டினால்தான் கட்டும்.

அப்புறம், காந்திபுரம் டவுன் பஸ்ஸில் கேட்பதுபோல் 'ரெண்டு டிக்கெட்' அங்கே நடக்காது. ஆளுக்கொரு கார்டு வேண்டும். தனியாக பேங்க் கார்டு இல்லாத அப்புச்சி, அம்மாயி கூட வந்தால் அவர்களுக்கு ஈஸி-லிங்க்கே சரி.