செயின்ட் லூயிஸ் பழைய நீதிமன்றம்: ஆர்ச் பார்க்க வருபவர்கள் தவறவிடக் கூடாத இடம்

சார்பு நீதிமன்றத்தில் 31 வருஷம் வேலை பார்த்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் எல்லாரையும் போல, மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் ஆர்ச் என்ற பிரம்மாண்ட வளைவைப் பார்க்கத்தான் போனேன். எதிரே குவிமாடத்தோடு நிற்கும் பழைய நீதிமன்றத்துக்குள் சும்மா நுழைந்தவன், சாயங்காலம்தான் வெளியே வந்தேன்.

அனுமதி இலவசம். சீரமைப்பு முடிந்து 2025 மே மாதம் மறுபடி திறந்திருக்கிறார்கள். லிஃப்ட் வைத்திருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் தைரியமாகப் போகலாம்.

டிரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட் என்ற அடிமைத் தம்பதி 1846 ஏப்ரல் 6 அன்று தங்கள் விடுதலைக்காக வழக்குப் போட்டது இங்கேதான். இருவருக்கும் தனித்தனி மனு. மகள் போனில் மிசூரி ஆவணக் காப்பகத்தின் பக்கத்தைத் திறந்து அந்த மனுவைக் காட்டினாள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எத்தனை கைநாட்டு மனுக்களுக்கு நம்பர் போட்டிருப்பேன்! ஆனாலும் இதைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது.

மிசூரியில் 1824-லேயே இதற்கென்று சட்டம் இருந்திருக்கிறது. அடிமையாக இருப்பவர் ஏழை வழக்காடியாக மனுப் போடலாம், கோர்ட்டே வக்கீல் வைத்துக் கொடுக்கும். நம் ஊர் பாப்பர் மனு மாதிரிதான். வழக்கின் தலைப்பு மட்டும் 'அடித்தார், சட்டவிரோதமாக அடைத்து வைத்தார்' என்று இருக்கும். அடிமை முறை இல்லாத மண்ணில் எஜமானர் குடிவைத்திருந்தால் விடுதலை உண்டு என்பது அங்கே நிலைபெற்ற தீர்ப்பு. ஸ்காட் தம்பதி அப்படி அடிமை முறை இல்லாத பகுதியிலிருந்த ஸ்னெல்லிங் கோட்டையில் வாழ்ந்தவர்கள். அப்படியானால் ஜெயித்திருக்க வேண்டும், இல்லையா?

1847-ல் தோற்றார்கள். இறந்துபோன எஜமானரின் மனைவி எமர்சன் அம்மாளிடமிருந்து அவர்களை வாடகைக்கு எடுத்ததாகச் சாட்சி சொன்னவர், குறுக்கு விசாரணையில் 'பேசி முடித்தது என் மனைவிதான்' என்றார். செவிவழிச் சாட்சியம் செல்லாது. அந்த அம்மாள்தான் தங்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்று நிரூபிக்க முடியாததால், அவருக்கே அடிமையாகத் திரும்பினார்கள். வழக்குக் கட்டுகளோடு வாழ்ந்தவன் நான். சாட்சியச் சட்டம் இப்படியும் ஒரு குடும்பத்தை நசுக்கும் என்பதை அங்கே நின்றபோது தாங்க முடியவில்லை.

1850 மறுவிசாரணையில் வென்றார்கள். 1852-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 1857 மார்ச் 6 அன்று வாஷிங்டனில், நாட்டின் உச்ச நீதிமன்றத்தில், 7 நீதிபதிகளுக்கு 2 பேர் என்ற கணக்கில் தோற்றார்கள். வழக்கு நடந்த காலத்தில் பெரும்பகுதி ஷெரீஃப் அவர்களை வேலைக்கு விட்டு, கூலியைப் பிடித்து வைத்திருந்தார். அந்தக் கூலியும் அவர்கள் கைக்கு வரவில்லை. அதே வருஷம் மே மாதம், டிரெட்டின் பழைய எஜமானர் வீட்டுப் பிள்ளையான டெய்லர் ப்ளோ அவர்களை விடுவித்தார். அடுத்த வருஷமே டிரெட் காலமாகிவிட்டார்.

விசாரணை நடந்த அதே அறையைத் தேடாதீர்கள். 1850-களிலேயே இடித்து நடைபாதையாக்கிவிட்டார்கள். நான் அந்த நடையில் இரண்டு தரம் நடந்தேன்.

அப்புறம், இதோடு திரும்பிவிட வேண்டாம். மேற்கே சில தெருக்கள் தள்ளி, இப்போதைய சிவில் கோர்ட் முன்னால் 2022-ல் வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்த ஊரில் விடுதலை கேட்டு வழக்குப் போட்ட 300-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உண்டு. அப்படி வழக்காடியவர்களில் ஒருத்தி லூசி டெலேனி என்ற சிறுமி, தன் வழக்கு முடியும் வரை 17 மாதம் சிறையில் கிடந்து 1844-ல் விடுதலையானவள். அவள் அம்மா பாலி தன் சொந்த வழக்கு முடியும் முன்பே மகளுக்காகவும் போட்ட வழக்கு அது.

இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். கார் இருந்தால் கால்வரி கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். டிரெட் ஸ்காட் அங்கேதான் இருக்கிறார். அவர் கல்லின் மேல் லிங்கன் படம் போட்ட ஒரு சென்ட் காசு வைப்பது வழக்கம். ஹாரியட்டின் கல்லறை கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில், தனியாக. அங்கேயும் ஒரு காசு வைத்துவிட்டு வந்தேன்.