120 ரூபாய்ப் பங்கு 80 ரூபாய்க்கு: பணம் கட்டலாமா, உரிமையை விற்கலாமா?

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். “மார்க்கெட்ல 120 போற பங்கை நமக்கு மட்டும் 80-க்குத் தர்றானாம்டா. நாலு பங்குக்கு ஒண்ணு. பணத்தைக் கட்டிரலாம்ல?”

ரைட்ஸ் இஷ்யூ, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி புதுப் பங்கு தரும் வெளியீடு, வரும்போதெல்லாம் கேட்கும் கேள்விதான். கடைத் தள்ளுபடி மாதிரி இதைப் பார்ப்பதில்தான் சிக்கல். சித்தப்பாவிடம் 100 பங்கு இருக்கிறது, மதிப்பு 12,000 ரூபாய். 25 பங்குக்கு 80 வீதம் 2,000 கட்டினால் மொத்தம் 14,000, பங்கு 125. வகுத்துப் பார்த்தால் ஒரு பங்கு 112. யார் யார் பங்குதாரர் என்று கம்பெனி கணக்கெடுக்கும் ரெக்கார்ட் தேதியை ஒட்டி உரிமை கழியும்போது சந்தை விலையும் ஏறத்தாழ அங்கேதான் இறங்கும். பழைய பங்கில் 8 ரூபாய் குறையும், புதுப் பங்கில் 32 ரூபாய் கூடும். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்து நமக்கே தருகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த 32 ரூபாய்தான் ஆர்.இ. எனப்படும் உரிமையின் கணக்குப்படியான மதிப்பு. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் அந்த உரிமை தனி வரியாக வந்து உட்காரும். 2020-ல் ரிலையன்ஸ் 53,124 கோடி ரூபாய்க்கு ரைட்ஸ் வெளியிட்டபோதுதான் இது டீமேட் வடிவில் சந்தையில் விற்பனைக்கு வந்தது. 15 பங்குக்கு ஒன்று, விலை 1,257 ரூபாய். அந்த ஆர்.இ. முதல் நாளே 200 ரூபாயைத் தாண்டியது.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்? 100 பங்கு 11,200 ஆகிவிடும், 25 உரிமையும் காலாவதியாகும். 800 ரூபாய் காற்றில் போச்சு. இந்த வழிக்கு நியாயமே கிடையாது. எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்காமல் இப்படி விடுபவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள்.

ஆக உண்மையான போட்டி, பணம் கட்டுவதற்கும் உரிமையை விற்பதற்கும்தான். கட்டினால் 80 ரூபாயோடு, விற்றால் கிடைத்திருக்கும் 32 ரூபாயையும் சேர்த்துப் போடுகிறோம். அடக்கம் 112. எனவே கேள்வி இதுதான்: உங்களிடம் ஒரு பங்குகூட இல்லை என்றால், இந்தக் கம்பெனியை இன்று 112-க்கு வாங்குவீர்களா? ஆம் என்றால் கட்டுங்கள். தயக்கமிருந்தால் விற்றுவிடுங்கள்.

பதில் சொல்ல, திரட்டும் பணம் எங்கே போகிறது என்று சலுகை ஆவணத்தில் பாருங்கள். புதுத் தொழிற்சாலைக்கா, பழைய கடனுக்கா? கடனுக்கென்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், ரிலையன்ஸும் கடனைக் குறைக்கத்தான் திரட்டியது. ஆனால் தொழிலே ஓட்டை என்றால் தள்ளுபடி காப்பாற்றாது. வோடஃபோன் ஐடியா 2019-ல் 12.50 ரூபாய்க்கு ரைட்ஸ் தந்தது, ஐந்து வருடம் கழித்து 2024-ல் பொதுவெளியீட்டில் 11 ரூபாய்க்கே பங்கு கொடுத்தது. நம்ம கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2017 கடைசியில் 122 ரூபாய்க்குத் தந்தது. 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தபோது பங்கு மூலதனம் மொத்தமும் ரத்தானது. பங்குதாரர் கையில் பூஜ்யம்.

விற்பதிலும் இடறல் உண்டு. ஆர்.இ. வணிகம் வெளியீடு முடிவதற்குச் சில நாள் முன்பே நின்றுவிடும். ரிலையன்ஸில் மே 29-ல் நின்றது, விண்ணப்பத்துக்கு ஜூன் 3 வரை நேரமிருந்தது. விற்ற தொகைக்கு அடக்க விலை பூஜ்யம் என்பதால் முழுவதும் குறுகிய கால லாபமாக வரிக்கு வரும். சந்தையில் ஆர்.இ. வாங்குபவர்களுக்கு இன்னொரு குழி: வாங்கினால் மட்டும் பங்கு வராது. வங்கி வழியாக அஸ்பா என்ற விண்ணப்ப முறையில் தனியாக விண்ணப்பித்து, கணக்கிலேயே பணத்தை முடக்க வேண்டும். மறந்தால் வாங்கிய காசும் போச்சு.

சந்தை விலை 80-க்குக் கீழே போய்விட்டால் பேச்சே இல்லை, வேண்டுபவர் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்குக் கம்பெனி பிடித்திருக்கிறது, கையில் காசில்லை. 25-ல் 18 உரிமையை 32 வீதம் விற்றால் 576 ரூபாய். மீதி 7-க்கு 560 கட்டிவிடலாம். வரியைத் தவிரக் கைக்காசு போகாது. “அப்போ பதினெட்ட விக்கிறது என்னைக்குடா கடைசி?” என்றார். அந்தத் தேதியைத்தான் முதலில் காலண்டரில் வட்டம் போடச் சொன்னேன்.