வீட்டு ஹாலுக்கு எது ஒத்துவரும்: சேப்பாக்கம் செனட் மண்டபமா, மும்பை பட்டமளிப்பு மண்டபமா?

சென்னை, மும்பை பல்கலைக்கழகங்கள் இரண்டும் 1857-ல் தொடங்கப்பட்டவை. இரண்டுக்கும் பெருமண்டபம் உண்டு, இரண்டிலும் வண்ணக் கண்ணாடி உண்டு. பழைய கட்டட அழகை வீட்டுக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் இவற்றின் படங்களைக் கைபேசியில் சேர்த்து வைத்து உள் அலங்காரக்காரரிடம் நீட்டுகிறார்கள். எதைப் பின்பற்றலாம் என்பதை ரசனையைவிடக் கூரையின் உயரமே முடிவு செய்யும் என்பது என் கட்சி.

சேப்பாக்கம் செனட் மண்டபத்தை ராபர்ட் சிஷோம் 1874 முதல் 1879 வரை கட்டினார். 1937-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம் சில மாதங்கள் இங்குதான் கூடியது. கனத்த கல் தூண்கள், வளைவுகள், வண்ண வேலைப்பாடு, கண்ணாடி ஜன்னல்கள் என்று அலங்காரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். அவ்வளவு இருந்தும் மூச்சு முட்டாததற்குக் காரணம், பார்க்கிறவருக்கும் கூரைக்கும் இடையே உள்ள வெற்றிடம். அதே வேலையைப் பத்தடி உயர அடுக்ககத்தில் செய்தால் வரவேற்பறை கல்யாண மேடையாகிவிடும்.

சேப்பாக்கத்திலிருந்து சிறிய வீட்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுத்து, கதவுச் சட்டத்துக்குச் சற்று மேலே நான்கு சுவர்களிலும் ஒரே பட்டையாக ஓட விடுவது. காவி, நீலம் என்று இரண்டு நிறம் போதும். ஸ்டென்சில் வைத்து நல்ல பெயின்டரே தீட்டிவிடுவார். மற்ற சுவரெல்லாம் வெறுமையாக இருக்கட்டும். ஆசைப்பட்டுப் பழைய முறைச் சுண்ணாம்புப் பூச்சுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவரில் அது பிடிக்காது, சுரண்டி எடுத்தாக வேண்டும். வாடகை வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

மும்பை மண்டபத்தின் கதை வேறு. அதை வரைந்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டனிலிருந்து வரைபடம் அனுப்பினார். பிரெஞ்சு கோதிக் பாணியில் (கூர்வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பியத் தேவாலயப் பாணி), கவாஸ்ஜி ஜஹாங்கீரின் நன்கொடையில், 1874-ல் முடிந்தது. 104 அடி நீளம், 44 அடி அகலம், கூரை உச்சி 63 அடி. பன்னிரண்டு ராசிகளைச் சுற்றிலும் கொண்ட வட்ட ஜன்னலைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு அது ஆகாது. வட்டக் கண்ணாடி பெரிதாக இருந்தால்தான் எடுபடும். இரண்டடிக்குச் சுருக்கினால் கடிகாரம் என்று நினைப்பார்கள்.

கவனிக்க வேண்டியது அந்த மண்டபத்தின் மூன்று பக்கமும் ஓடும் எட்டடி அகல மேல்மாடத்தை. வேலைப்பாடுள்ள இரும்புத் தாங்கிகள் அதைச் சுமக்கின்றன. சுமை தாங்கும் உறுப்பே அலங்காரமாகவும் இருப்பதுதான் இதன் அழகு. நம் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது: பரண். பிளைவுட் கதவு போட்டு மூடி, பழைய பாத்திரங்களை ஒளித்து வைக்கிறோம். அதைத் திறந்துவிட்டு, முன்பக்கம் சிறு கிராதியும் அடியில் வளைந்த இரும்புத் தாங்கிகளும் வைத்துப் புத்தகங்களை அடுக்கினால், உயரமில்லாத அறையிலும் மேல்மாடத்தின் சாயல் வரும். புத்தகம் நல்ல கனம். தாங்கிகளைச் செங்கல் சுவரிலோ கான்கிரீட்டிலோ ஆழப் பொருத்த வேண்டும், நடுவே தடுத்த மெல்லிய சுவரை நம்பக்கூடாது. கடற்கரைப் பகுதியில் இருப்பவர்கள் இந்தத் தாங்கிகளுக்குத் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காமல் பெயின்ட் பூச விடாதீர்கள்.

வண்ணக் கண்ணாடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளிச்சத்தின் கூச்சத்தைக் குறைப்பது அதன் முதல் வேலை. எனவே முழு ஜன்னலுக்கும் வேண்டாம். கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டரில் மட்டும் வைத்தால் அறை இருளாது. ஒட்டும் பிளாஸ்டிக் தாள் மேற்கு வெயிலில் வெளுத்து உரியும். ஒரே ஒரு வென்டிலேட்டருக்கு ஈயப் பட்டையில் கோத்த உண்மைக் கண்ணாடி வாங்குவது மேல்.

அடுக்ககத்துக்கு மும்பை, இரண்டு மாடி உயர ஹால் உள்ள தனி வீட்டுக்குச் சேப்பாக்கம். ஒரே அறையில் இரண்டும் வேண்டும் என்பவர்கள் பட்டையா பரணா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டும் சுவரில் ஏழடி உயரத்தில் அதே இடத்துக்குத்தான் போட்டியிடும்.