ஸ்பியன்கோப்பைத் தனியாக ஆட இந்த விதிப்புத்தகம் போதுமா?

பழைய போர் ஒன்றைப் பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் தனியாக ஆடுபவருக்குப் பெரிய தொல்லை, எல்லாம் அவருக்கே தெரிந்திருப்பதுதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள ஸ்பியன்கோப் மலையில், டச்சு வழிவந்த போயர்களோடு பிரிட்டிஷார் மோதிய 1900 ஜனவரி 24 அன்று நிலைமை நேர்மாறாக இருந்தது. முந்தைய இரவில் ஏறிய சுமார் 1,700 பிரிட்டிஷ் வீரர்கள் மூடுபனிக்குள் பள்ளம் வெட்டினார்கள். காலை எட்டு மணி வாக்கில் பனி விலகியபோதுதான், பள்ளம் தவறான இடத்தில் இருப்பதும் வலப்பக்கம் அலோ நோல் குன்று தங்களைப் பார்த்தபடி நிற்பதும் புரிந்தது. மேலே யார் தளபதி என்பதே பகல் முழுக்கக் குழப்பம். இரவில் இரு தரப்பிலும் ஆட்கள் மலையைவிட்டு இறங்கினார்கள். விடிந்தபின் திரும்பி ஏறிய போயர்களுக்கு வெறும் மலை கிடைத்தது. இந்த அறியாமையை மேசைக்குக் கொண்டுவர முடிகிறதா என்பதை வைத்துத்தான் விதிப்புத்தகத்தை எடைபோட வேண்டும்.

நீல் தாமஸ் எழுதிய 'ஒன்-அவர் வார்கேம்ஸ்' (பென் அண்ட் ஸ்வோர்ட், 2014) டர்பனில் சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்ற நூல். மூன்றடிக்கு மூன்றடி மேசை, ஒரு பக்கத்துக்கு ஆறு படைப்பிரிவு, பெரும்பாலும் 15 சுற்று. பிரிவு ஒன்று 15 அடி (சேதப் புள்ளி) வாங்கினால் மேசையைவிட்டுப் போகும். ஒரு சுற்றில் நகரலாம் அல்லது சுடலாம், இரண்டும் கூடாது. ஒன்பது காலகட்டங்களுக்குத் தனித்தனி விதிகள், கூடவே 30 போர்ச்சூழல்கள். விதிகள் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடுவதால் ஆட்டத்தின் நடுவே புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. இரண்டு தரப்பையும் ஒருவரே நகர்த்தும்போது இதன் அருமை தெரியும்.

சுற்றுக் கணக்கும் இந்தப் போருக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரு சுற்றை ஒரு மணி நேரமாக வைத்தால் அதிகாலை நாலிலிருந்து மாலை ஏழு வரை சரியாக 15 சுற்று. முதல் நாலு சுற்றும் பனி. அப்போது 6 அங்குலத்துக்கு மேல் யாரும் சுட முடியாது என்று வையுங்கள்.

குறை மறைப்பு விதியில் இருக்கிறது. மறைவில் உள்ள படைக்கு அடி பாதி என்கிறது நூல், ஆனால் எந்தத் திசையிலிருந்து சுட்டாலும் அதே பாதி. ஸ்பியன்கோப்பில் கதையே திசைதான். பாறை காரணமாகப் பள்ளம் முழங்கால் ஆழம்கூட வரவில்லை, வலப்பக்கமோ திறந்தே கிடந்தது. ஆகவே அலோ நோலிலிருந்து வரும் சூட்டுக்குப் பள்ளம் கணக்கில்லை, முழு அடி. வடக்கே கோனிகல் ஹில்லிலிருந்தும் பீரங்கியிலிருந்தும் வருவதற்குப் பாதி.

இதைச் செய்ததும் அடுத்த சிக்கல் வரும். சுடும்போது பகடையில் விழும் எண்ணே அடி. போயர்களை வழக்கமான காலாட்படையாக எடுத்தால் அதன் சராசரி 3.5. பள்ளத்தில் உள்ள பிரிவு மூன்று நாலு சுற்றில் தீர்ந்து, போர் பகல் பதினொன்றுக்கே முடிந்துவிடும். அவர்களைச் சிதறிச் சுடும் பிரிவாக எடுத்துப் பகடையில் 2 கழியுங்கள். சராசரி 1.7 அளவுக்கு இறங்கும். பீரங்கிக்கும் அதே கழிவு, பிறகு பாதி. இரண்டும் சேர்ந்து சுற்றுக்கு 2.5, அதாவது முதல் பிரிவு ஆறு சுற்று தாங்கும். ஐந்தாம் சுற்றில் சூடு தொடங்கினால் பிற்பகல் இரண்டு மணிக்கு அது சரியும். லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் படையில் சிலர் வெள்ளைக்கொடி காட்டியதும், பிரிட்டிஷ் அதிகாரி தார்னிகிராஃப்ட் ஓடிவந்து தடுத்ததும் ஏறக்குறைய அந்த வேளைதான்.

தனியாட்டத்துக்கு நூல் தருவது முக்கியமாகச் சீட்டுக்கட்டு: தோட்டாத் தட்டுப்பாடு, குழப்பம் போன்ற நிகழ்வுகள் எதிர்பாராமல் வரும். நல்ல கருவி, ஆனால் அதிர்ச்சியை மட்டும் தருகிறதே தவிர எதையும் ஒளித்துவைப்பதில்லை. அதற்கு ஆறு வட்ட அட்டைகள் வெட்டுங்கள். மூன்றின் அடியில் போயர் பிரிவின் பெயர், மூன்று வெற்று. கலக்கி, அலோ நோல், கோனிகல் ஹில், கிரீன் ஹில் என்ற மூன்று குன்றுகளிலும் கவிழ்த்தபடி இரண்டிரண்டு வையுங்கள். ஐந்தாம் சுற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பகடை போட்டு, 4 அல்லது அதற்கு மேல் வந்தால் திருப்புங்கள். ஐந்து ஆட்டத்தில் ஒன்றில் அலோ நோல் காலியாக இருக்கும். அது தெரியாமல் அதற்கு அஞ்சிப் படையை நகர்த்துவதுதான் அந்த நாளின் உண்மையான அனுபவம்.

தளபதிக் குழப்பத்துக்கும் ஒரு பகடை போதும். மலைமேல் பிரிட்டிஷ் தளபதியாக இருந்த உட்கேட் படுகாயமடைந்தபின், அதாவது ஆறாம் சுற்றிலிருந்து, 1 அல்லது 2 வந்தால் பிரிட்டிஷ் பிரிவுகளில் பாதிக்கு அந்தச் சுற்றில் கட்டளை கிடையாது.

பொம்மைகளைப் பொறுத்தவரை 28 மி.மீ. வேண்டாம், இந்த மேசையில் மலை மறைந்துபோகும். 6 மி.மீ. உலோக உருவங்களை 4 அங்குல அடித்தட்டில் 20, 24 என்று ஒட்டினால் பார்வைக்குப் படை போலவே இருக்கும். ஜூலு போருக்கான 1879 தொகுப்பை வாங்கிவிடாதீர்கள், அது சிவப்புச் சட்டை, 1900இல் காக்கி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியையும் கணக்கில் சேருங்கள். மலைக்கு 25 மி.மீ. ஃபோம் தகடு இரண்டு மூன்று அடுக்கு. ஸ்ப்ரே பெயின்ட் ஃபோமைக் கரைத்துவிடும், முதலில் பிவிஏ பசை பூசுங்கள். டர்பன் ஈரக்காற்றில் மெல்லிய எம்.டி.எஃப். (மரத்தூள் பலகை) அடித்தட்டு வளையும், 3 மி.மீ. எடுத்து அடிப்பக்கமும் வண்ணம் பூசினால் தாங்கும். மலை செய்யுமுன் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. அந்தப் பள்ளமே இன்று வெள்ளைக் கற்கள் அடுக்கிய கல்லறை. அங்கு நின்றால் அலோ நோல் எவ்வளவு அருகில் என்று உறைக்கும்.

முடிவையும் மாற்ற வேண்டும். புத்தகத்தில் குறித்த இடம் யார் கையில் என்பதே வெற்றி. இங்கே 15ஆம் சுற்றுக்குப் பின் இரு தரப்புக்கும் ஒவ்வொரு பகடையைக் கிண்ணத்தின் கீழ் உருட்டி, இழந்த பிரிவு ஒவ்வொன்றுக்கும் 1 கழியுங்கள். 3க்குக் கீழே போனால் அந்தத் தரப்பு இரவில் இறங்கிவிட்டது. பிரிட்டிஷார் தங்குவதா இறங்குவதா என்று நீங்கள் சொன்ன பிறகே கிண்ணத்தைத் தூக்குங்கள்.

நூலில் அறவே இல்லாதது காயம்பட்டோர். அன்று பிரிட்டிஷ் தரப்பில் 243 பேர் இறந்தார்கள். தோட்டக் கூலிகளும் சுதந்திர இந்தியருமாகச் சுமார் 1,100 பேர் சேர்ந்த நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை, சூட்டு எல்லைக்குள் போக வேண்டியதில்லை என்ற ஏற்பாடு இருந்தும், இங்கே உள்ளே போய் ஸ்ட்ரெச்சர் தூக்கியது. காந்தியும் அதில் இருந்தார், மதராஸ் வழியாக வந்த தமிழரும் இருந்தார்கள். அவர்களை மேசையில் வைக்காத ஸ்பியன்கோப் நமக்கு அரைகுறைதான். பிரிட்டிஷ் பிரிவுகள் வாங்கும் ஒவ்வொரு ஐந்து அடிக்கும் ஒரு காயக்குறி வையுங்கள். நாலு பேர் கொண்ட ஸ்ட்ரெச்சர் அட்டை இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு சுற்றில் ஒரு குறியை அடிவாரத்து மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோகும். 15ஆம் சுற்று முடிவில் மேலே கிடக்கும் குறி நாலுக்கு மேல் போனால், கிண்ணத்தைத் தூக்குமுன் பிரிட்டிஷ் பகடையில் இன்னொரு 1 கழியுங்கள்.